சூடான எஞ்சின் கிளம்ப மறுப்பது பழுதன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் வெளியான ஒரு கடிதத்தைக் குறித்து இதை எழுதுகிறேன். தென் மாவட்டத்து ஓடுதளம் ஒன்றில் இறங்கிய சிறு பயிற்சி விமானம், அரை மணி நேரம் நின்றுவிட்டு உச்சி வெயிலில் மீண்டும் புறப்பட முயன்றபோது, ப்ரொப்பெல்லர் சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை என்றும், நாலைந்து முறை இருமிக் கரும்புகை கக்கி அடங்கிவிட்டது என்றும், உள்ளேயிருந்த பயிற்சி மாணவர் வியர்த்து விறுவிறுத்து இறங்கி நின்றார் என்றும் அன்பர் எழுதியிருந்தார். கண்டதை அப்படியே எழுதியிருக்கிறார். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால், தரையிலேயே கிளம்பாத ஓட்டை வண்டியை வானத்தில் ஏற்றிப் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிறார்கள் என்று அவர் முடித்திருந்ததைப் படித்தபோது, சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியே பணிக்காலம் முழுவதையும் கழித்து, இப்போது பாளையங்கோட்டையில் ஓய்வாக இருக்கும் எனக்குச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

அன்பரின் கடிதத்திலேயே அதற்கான விடையும் இருக்கிறது. மாலை நாலரை மணியளவில் அதே விமானம் ஒரே சுற்றில் கிளம்பிப் பறந்து போனதாக அவரே எழுதியிருக்கிறார். இடைப்பட்ட நேரத்தில் எவரும் அதன் மூடியைத் திறந்து ஸ்பேனர் பிடித்ததாக அவர் சொல்லவில்லை. பழுதான எஞ்சின் வெயில் தாழ்ந்ததும் தானாகக் குணமாவதில்லை. ஆகவே அங்கே நடந்தது வேறு.

வெகு காலத்துக்கு முன் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு அம்பாசடர் காரில் ஏறிப் போனவர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது, பாதி மலையில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. டிரைவர் பதறவில்லை. பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை ஓடைத் தண்ணீரில் நனைத்துப் பிழியாமலே கொண்டுவந்து, எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் பம்பின் மேல் சுற்றினார். துண்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி எழுந்தது. "பெட்ரோல் கொதிச்சிட்டு அண்ணாச்சி, செத்த நேரம் பொறுங்க" என்று என் தந்தையாரிடம் சொல்லிவிட்டு ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கால் மணி கழித்து வண்டி கிளம்பியது. பிற்பாடு பணியில் சேர்ந்து படித்த பாடங்களிலெல்லாம் அந்த ஈரத் துண்டைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

திரவமாக இருக்கும்வரைதான் பம்பு பெட்ரோலைத் தள்ளும். குழாய்க்குள்ளேயே அது ஆவியாகிவிட்டால், பம்பு அந்த ஆவியை அமுக்குவதும் அது மீண்டும் விரிவதுமாக இருக்குமே தவிர, எரிபொருள் முன்னே நகராது. நம் பக்கத்து விவசாயிகள் டீசல் பம்புசெட்டில் ஏர்லாக் என்று சொல்வதும் இதற்கு உறவுதான். ஆனால் அங்கே அடைப்பது வெளியிலிருந்து புகுந்த காற்று, இங்கே அடைப்பது எரிபொருளின் சொந்த ஆவி. பம்புசெட்டில் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிவிடலாம். விமானத்தில், ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு அப்படிச் செய்ய முடியாது.

சிறு விமானங்களில் போடும் ஏவ்காஸ் என்ற நீல நிறப் பெட்ரோலுக்குக் கொதிநிலை என்று ஒற்றை எண் கிடையாது. பல வகை ஹைட்ரோகார்பன்களின் கலவை என்பதால் அது படிப்படியாக ஆவியாகும். முதல் 10 சதவீதமாவது 75 டிகிரி செல்சியஸுக்குள் ஆவியாகிவிட வேண்டும் என்பதே அதற்கான தர விதி. குளிர் நாட்டில் காலையில் எஞ்சின் பிடிக்க வேண்டுமானால் அந்தக் குணம் தேவை. அதே குணம்தான் நம்மூர் வைகாசி வெயிலில் வம்பாகிறது. தரையிறங்கி நிறுத்திய எஞ்சினின் சிலிண்டர் தலைகள் 100 டிகிரிக்கு வெகு மேலே இருக்கும். பறக்கையில் 260 டிகிரி வரை பொறுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்ட உலோகம் அது. பறக்கும்போது முன்னாலிருந்து பாயும் காற்று அந்தச் சூட்டை ஓயாமல் அள்ளிக்கொண்டு போகிறது. ப்ரொப்பெல்லர் நின்ற மறு நொடியே அந்தக் காற்றும் நின்றுவிடுகிறது. சிலிண்டர்களில் தேங்கிய சூடு போக்கிடம் இல்லாமல் மேலே ஏறி, கவுலிங் என்னும் உலோகக் கூட்டுக்குள் அடைபடுகிறது. எனவே எஞ்சினை நிறுத்திய பிறகு முதல் பத்து இருபது நிமிடங்களுக்குக் கூட்டின் உட்புறம் சூடு தணிவதற்குப் பதிலாக ஏறவே செய்கிறது. இறக்கிய பிறகும் கொதிக்கும் மண்சட்டிக் குழம்பைப் பார்த்த எவருக்கும் இதில் வியப்பிருக்காது.

அந்தச் சூடு போய்ச் சேரும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் புதிய வகைகளில் லைகாமிங் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின், காற்றில் எரிபொருளைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளை நேரே செலுத்தும் அமைப்போடு வருகிறது. எஞ்சினின் உச்சந்தலையில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பங்கீட்டுக் கருவி. அதிலிருந்து நான்கு சிலிண்டர்களுக்கும் பேனா ரீஃபில்போல் சன்னமான எஃகுக் குழாய்கள். சிலந்தி காலை நீட்டிப் படுத்திருப்பதுபோல் இருப்பதால் அதற்கு ஸ்பைடர் என்றே பெயர். சூடு முழுவதும் ஏறிவந்து குவியும் இடத்தில், மிகக் குறைந்த அளவு எரிபொருளை, மிக மெல்லிய குழாய்களில் வைத்திருக்கிறார்கள். பழைய கார்புரேட்டர் எஞ்சின்களில் எரிபொருள் கிண்ணம் எஞ்சினுக்கு அடியில் தொங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. அவற்றுக்கு வேறு தொல்லைகள் உண்டு, அவை இந்தக் கடிதத்துக்கு வேண்டாம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறுத்திய சில நிமிடங்களில் சன்னக் குழாய்களில் கொதிக்கும் எரிபொருள், தன் ஆவியின் அழுத்தத்தாலேயே முனை வழியாகச் சிலிண்டரின் நுழைவாயிலில் சொட்டிவிடுகிறது. ஆகவே ஐந்து பத்து நிமிடத்துக்குள் மீண்டும் கிளப்பப் போனால், எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் பெட்ரோல் இருக்கலாம். ஸ்கூட்டர் ஓட்டியவர்கள் ஓவர்ஃப்ளோ என்பார்களே, அது. அரை மணி கழித்துப் போனால் அந்தச் சொட்டுகள் உலர்ந்து, குழாய்களில் வெறும் ஆவி மட்டும் நிறைந்திருக்கலாம். ஒன்று பெட்ரோல் மிகுதி, மற்றது பெட்ரோல் இன்மை. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: ப்ரொப்பெல்லர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. உள்ளே இருப்பவர் செய்ய வேண்டியதோ ஒன்றுக்கொன்று நேர் எதிரானது.

இதைப் பிரித்தறியும் வித்தையைப் புத்தகத்தில் தேடுவதைவிடக் காதிலும் மூக்கிலும் தேடுவது நல்லது. எஞ்சின் சட்டென்று உற்சாகமாகப் பிடித்து, இரண்டு மூன்று நொடி ஓடி, குரல் மெலிந்து, எரிபொருள் ஓட்டம் காட்டும் முள் துள்ளித் துள்ளி விழுந்து அணைந்தால், அது ஆவி அடைப்பு. மாறாக, தயங்கித் தயங்கி ஒரு சிலிண்டர் மட்டும் இருமி, கரும்புகை வந்து, கவுலிங்கின் அடியிலுள்ள வடிகுழாயில் நீலச் சொட்டு விழுந்து, பெட்ரோல் நெடி மூக்கில் ஏறினால், அது ஓவர்ஃப்ளோ. அன்பர் கரும்புகையைக் குறிப்பிட்டிருப்பதால், அன்றைய மாணவர் முதலில் ஆவி அடைப்பில் மாட்டி, பூஸ்டர் பம்பு என்னும் மின்சாரத் துணைப் பம்பைப் போட்டு எரிபொருளை மேலும் மேலும் தள்ளி, ஒரு குழியிலிருந்து எழுந்து மறு குழியில் விழுந்திருப்பார் என்பது என் ஊகம். நானும் விழுந்திருக்கிறேன்.

இந்த வகை லைகாமிங் எஞ்சின் சூடாக இருக்கையில் பலரும் கைக்கொள்ளும் முறை எளியது. குளிர்ந்த எஞ்சினுக்குச் செய்வதுபோல் முன்கூட்டியே எரிபொருள் ஊட்டக் கூடாது. காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் பிடியை முழுக்கப் பின்னால் இழுத்து எரிபொருளை அடைத்தபடி, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் கால் அங்குல அளவு திறந்து, ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். எரிபொருளே இல்லாமல் எப்படிப் பிடிக்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். குழாயிலும் நுழைவாயிலிலும் எஞ்சியிருக்கும் ஆவியே முதல் சில சுற்றுக்குப் போதும். எஞ்சின் பிடித்த அந்தக் கணத்தில் மிக்ஸ்சரை நிதானமாக, ஆனால் தயங்காமல், முன்னே தள்ள வேண்டும். முந்தினால் அமுங்கும், பிந்தினால் அணையும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்க்கிறவளுக்கு எந்த நொடியில் மாவை ஊற்றுவது என்று எவரும் கடிகாரம் வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. இதுவும் அந்த வகைப் பழக்கம். ஓவர்ஃப்ளோ என்று உறுதியாகத் தெரிந்தால், மிக்ஸ்சர் அடைத்தபடியே இருக்க, த்ராட்டிலை முழுக்கத் திறந்து காற்றை வாரி விட்டுச் சுற்ற வேண்டும். பிடித்ததும் த்ராட்டிலைக் குறைத்து மிக்ஸ்சரைக் கூட்ட வேண்டும். முழு ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு பழைய ஸ்கூட்டரை உதைத்தவர்களுக்கு இது புதிதன்று. அமெரிக்கக் காண்டினெண்டல் எஞ்சின்களில் மீதி எரிபொருளையும் ஆவியையும் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் குழாய் ஒன்று உண்டு. அவற்றில் மிக்ஸ்சரை அடைத்தபடி பூஸ்டர் பம்பைச் சற்று நேரம் ஓடவிட்டால், தொட்டியிலிருந்து வரும் குளிர்ந்த எரிபொருள் பம்பைக் கழுவிக் குளிர வைத்துவிடும். லைகாமிங்கில் இந்தத் திருப்புக் குழாய் வழக்கமாக இல்லை என்பதால், ஓர் எஞ்சினில் கற்றதை மற்றதில் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. எந்த விமானமோ அந்த விமானத்தின் கையேடே அங்கே சட்டம்.

அன்றைய நிகழ்ச்சியில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது வேறொன்று. "விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்" என்று அன்பர் எழுதியிருக்கிறார். ஸ்டார்ட்டர் மோட்டாரை விடாமல் சுற்றக் கூடாது. செஸ்னா 172-இன் கையேடு, 10 நொடி சுற்றினால் 20 நொடி ஓய்வு, அப்படி மொத்தம் மூன்று முறை, அதன் பிறகு 10 நிமிடம் தொடவே கூடாது என்று வரையறுத்திருக்கிறது. பேட்டரியின் மின்சாரத்தை அந்தச் சின்ன மோட்டார் உறிஞ்சுகிற வேகத்தில் அதன் சுருள்கள் அடுப்புக் கம்பிபோலச் சூடேறும். எரிந்துபோன ஸ்டார்ட்டர்கள் பலவற்றை நான் மேசையில் பிரித்துப் போட்டிருக்கிறேன். வார்னிஷ் கருகிய அந்த நெடி ஒரு தரம் மூக்கில் ஏறினால் மறக்காது. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றது பழுதன்று, அவசரமே. கிளப்பத் தெரியாதவர் என்று மற்றவர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம், அந்தப் பத்து நிமிட ஓய்வைக் கொடுக்கவிடாது. வேலிக்கு வெளியே பத்துப் பேர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நின்றால் கேட்கவே வேண்டாம்.

அதைவிட ஆபத்தானது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் குற்றவாளி நானே. பணியில் சேர்ந்த புதிதில், வட மாநிலத்துப் பயிற்சித் தளம் ஒன்றில், அப்போதுதான் நிறுத்திய விமானத்தின் ப்ரொப்பெல்லர் இழுவைக் கம்பிக்கு இடைஞ்சலாக நின்றது என்று கையால் ஒரு தள்ளுத் தள்ளினேன். டிக் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ப்ரொப்பெல்லர் என் விரல்களிலிருந்து பிடுங்கிக்கொண்டு அரைச் சுற்று வீசி நின்றது. மணிக்கட்டில் உரசிய தழும்பு இன்றும் இருக்கிறது. இரண்டு அங்குலம் முன்னால் நின்றிருந்தால் இந்தக் கடிதத்தை இடக்கையால்தான் எழுதியிருப்பேன். விமான எஞ்சினில் தீப்பொறி தரும் மேக்னெட்டோவுக்குப் பேட்டரி தேவையில்லை. சுற்றினால் தானே மின்சாரம் உண்டாக்கும். சாவியை அணைத்தால் அதன் மின்சாரம் ஒரு கம்பி வழியாக விமானத்தின் உலோக உடலோடு இணைந்து செத்துவிட வேண்டும். அந்த ஒரு கம்பி அறுந்திருந்தால் சாவி அணைந்திருந்தும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். மெதுவாகச் சுற்றும்போதும் வலுவான பொறி கிடைப்பதற்கென்றே ஒரு சுருள்வில் அமைப்பு வைத்திருக்கிறார்கள். அன்று நான் கேட்ட டிக் அதுதான். சிறு விமானத்தை எப்போதும் சாவியால் நிறுத்தாமல் மிக்ஸ்சரை அடைத்து நிறுத்துவதற்கும் காரணம் இதுவே: உள்ளே எரிய எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. ஆனால் சூடான எஞ்சினில், மேலே சொன்னபடி, குழாயில் கொதித்த பெட்ரோல் உள்ளே சொட்டிவிட்டிருக்கும். எனவே சூடான ப்ரொப்பெல்லரைப் பாம்பென்றே கருதி விலகி நிற்க வேண்டும். கிளம்பாத விமானத்தைப் பார்த்து உதவிக்கு ஓடிப்போகும் நம்மூர் இளைஞர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். நின்றுபோன மினி பஸ்ஸைத் தள்ளிவிடும் நல்ல மனது அங்கே கையைக் காவு வாங்கிவிடும்.

கிளம்பிவிட்டாலும் உடனே ஓடிப் பறந்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாயில் மிச்சமிருக்கும் ஆவிக் குமிழிகள் கழியும்வரை எஞ்சின் ஏறி இறங்கித்தான் ஓடும். குரல் சீராகி, முள் ஒரே இடத்தில் நிற்கும்வரை தரையிலேயே காத்திருப்பதுதான் முறை. அன்றைய பயிற்சியாளர் மாலை வரை பொறுத்திருந்தார் என்பதை அன்பர் அலட்சியமாகக் காண்கிறார். நான் அதைக் கடமையுணர்வாகக் காண்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கத்து ஓடுதளத்தில் விமானப் பயிற்சிப் பள்ளி அமையும் என்ற பேச்சு நெடுநாளாக நம் காதில் விழுந்துகொண்டிருப்பதால், இதை இப்போதே பேசிவைப்பது பொருத்தம் என்று கருதுகிறேன். அது கரிசல் பூமி. சித்திரை, வைகாசியில் அந்தக் கறுப்பு மண் வாங்கி வைக்கும் சூடு, செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். பயிற்சி விமானம் ஒரு நாளைக்குப் பலமுறை இறங்கி, மாணவரை மாற்றிக்கொண்டு மீண்டும் புறப்படும் வண்டி. அதாவது அந்தப் பொல்லாத அரை மணி இடைவெளி அதற்கு நாள்தோறும் வரும். நம்மிடம் வெயில் இருப்பதுபோல் காற்றும் இருக்கிறது. கயத்தாற்றில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது சும்மா அன்று. ஆனியிலும் ஆடியிலும் மேற்கே மலைக் கணவாய்களிலிருந்து வரும் காற்றுக்கு மூக்கைக் காட்டி விமானத்தை நிறுத்தினால், கவுலிங்கின் முன்வாய் வழியாக அது தானே நுழைந்து சிலிண்டர்களைத் தடவிக்கொண்டு போகும். எண்ணெய் அளக்கும் சிறு கதவு ஒன்று கவுலிங்கின் மேற்புறத்தில் உண்டு. நிறுத்திய உடன் அதைத் திறந்துவிட்டு அதன்மேல் உள்ளங்கையைச் சற்று உயர்த்திப் பிடித்தால், இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கியதுபோல் அனல் கையில் அடிக்கும். காசில்லாத வைத்தியம் இது. புறப்படும் முன் மறவாமல் அதை மூட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சின்ன வேலைகளைக்கூட மாணவர்களுக்குச் சொல்லித் தராமல், குளிர்ந்த காலை வேளையில் எஞ்சின் கிளப்பும் பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்யவைத்து, மதியம் தனியே அனுப்பும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். குற்றம் சொல்வதானால் அதைச் சொல்லலாம். விமானத்தை ஓட்டை என்பது தவறு. மாணவரைத் திறமையற்றவர் என்பது இன்னும் பெரிய தவறு.

ஏவ்காஸுக்குப் பதில் கார் பெட்ரோலைக் கலந்திருப்பார்களோ என்றும் அன்பர் ஐயப்பட்டிருந்தார். கார் பெட்ரோல் இன்னும் எளிதில் ஆவியாகக் கூடியது, அதில் எத்தனாலும் கலந்திருக்கிறது. ஆகவே ஐயம் முற்றிலும் அபத்தமன்று. ஆனால் வடிகுழாயில் நீலச் சொட்டு விழுந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த நீலம் ஏவ்காஸில் அடையாளத்துக்காகவே சேர்க்கப்படும் சாயம். முன்பு முழுவதும் இறக்குமதியாகிவந்த இந்த எரிபொருளை 2022-இலிருந்து இந்தியன் ஆயில் நிறுவனம் வடோதராவிலேயே தயாரிக்கிறது என்பதையும் அவர் அறிந்துகொண்டால் மகிழ்வார்.

அந்த மாணவர் யார் என்று எனக்குத் தெரியாது. தங்கள் நாளிதழ் அவர் கைக்குக் கிடைக்குமானால் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன்: தம்பி, மூன்று முறை சுற்றியும் பிடிக்காவிட்டால் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இறக்கையின் நிழலில் உட்கார்ந்து, பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார். வேலிக்கு வெளியே நிற்பவர்களைப் பார்க்காதே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு ஊழியர்,
பாளையங்கோட்டை.